நீலத்திரை, ரீஸ்டார்ட், பழைய பயாஸ்: கேள்வி பதில்

கேள்வி: விண்டோஸைப் புதிதாக நிறுவினேன், ராமையும் மாற்றினேன். ஆனாலும் கம்ப்யூட்டர் திடீர் திடீரென ரீஸ்டார்ட் ஆகிறது. பயாஸ் பழசாக இருந்தால் இப்படி ஆகுமா?

பதில்: ஆகும். பயாஸ் என்பது மதர்போர்டிலேயே பதிந்திருக்கும், கம்ப்யூட்டரை எழுப்பும் அடிப்படை மென்பொருள். பிராசசருக்கு எவ்வளவு வோல்டேஜ் போக வேண்டும், ராம் எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்வதில் பயாஸுக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே கோளாறு இருந்தால் விண்டோஸை எத்தனை தடவை நிறுவியும் பயனில்லை. முதலில் விண்டோஸில் பிழைப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறங்கள். 'கெர்னல்-பவர் 41' என்ற பதிவு, கம்ப்யூட்டர் முறையாக அணையவில்லை என்று மட்டும்தான் சொல்லும். அதைப் பார்த்துப் பதறி பவர் சப்ளையை மாற்றியவர்கள் ஏராளம்! கூடவே 'வியா-லாகர்' (WHEA-Logger) பிழைகள் இருந்தால் ஹார்டுவேர் பக்கம் சந்தேகப்படலாம். அப்புறம் பயாஸுக்குள் போய் ராமை வழக்கத்தைவிட வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பி (XMP) செட்டிங்கை அணைத்துவிட்டு இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். தொல்லை நின்றால் சிக்கல் ராம் வேகத்தில்தான். அதற்கான திருத்தம் புதிய பயாஸில் வந்திருக்க வாய்ப்பு அதிகம்.

கேள்வி: கேம் திறக்கும்போது மட்டும் கிராஷ். வீடியோ மெமரி போதவில்லை என்கிறது. கிராபிக்ஸ் கார்டில் மெமரி தாராளமாக இருக்கிறதே?

பதில்: உங்கள் பிராசசர் எது என்று எழுதவில்லை. இன்டெல் கோர் 13 அல்லது 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ரகம் என்றால் கார்டைக் குறை சொல்லாதீர்கள். அந்த ரகங்களில் பல, தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு நாளடைவில் தாமே பலவீனமாகிவிடுகின்றன. இன்டெல் 2024 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் இதற்கான மைக்ரோகோட் (பிராசசருக்குள் ஓடும் கட்டளைத் தொகுப்பு) திருத்தங்களை வெளியிட்டது. அவை பயாஸ் அப்டேட் வழியாகத்தான் வந்தன. ஆனால் ஒன்று, புதிய பயாஸ் மேற்கொண்டு கெடாமல் காக்குமே தவிர, ஏற்கெனவே கெட்ட பிராசசரைச் சரிசெய்யாது. அப்டேட்டுக்குப் பிறகும் கிராஷ் ஆனால் வாரண்டியில் மாற்றக் கேளுங்கள். இந்த ரகங்களுக்கு இன்டெல் வாரண்டியை 2 ஆண்டு நீட்டித்திருக்கிறது.

கேள்வி: பயாஸ் அப்டேட் நடுவில் கரண்ட் போனால்?

பதில்: மதர்போர்டு எழாமலே போகலாம், பயம் நியாயம்தான். யுபிஎஸ் இருந்தால் நல்லது. போர்டின் மாடல் பெயரோடு ரிவிஷன் எண்ணையும் ஒப்பிட்டு பயாஸ் ஃபைலை இறக்குங்கள். பென்டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்து, பயாஸுக்குள் இருக்கும் கருவியிலேயே அப்டேட் செய்யுங்கள். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் முன்பே சஸ்பெண்ட் செய்து, ரிகவரி கீயைத் தாளில் எழுதி வையுங்கள். போர்டில் 'ஃபிளாஷ்பேக்' பட்டன் இருந்தால் பாதி பயம் போச்சு. பயாஸ் செத்தாலும் அதன்மூலம் மீட்டுவிடலாம்.

கேள்வி: அப்டேட் முடிந்து ஐந்து நிமிடமாகத் திரை கறுப்பு!

பதில்: உங்கள் ராம் டிடிஆர்5 ரகமா? அப்படியானால் போர்டு ராமுக்கு ஏற்ற செட்டிங்கைச் சோதித்துப் பழக்கிக்கொண்டிருக்கும் (மெமரி டிரெய்னிங்). பவர் பட்டனைத் தொடாமல் இன்னும் பத்து நிமிடம் பொறுங்கள்.

கேள்வி: எனக்குத் திரை வருகிறது, விண்டோஸ்தான் வரவில்லை.

பதில்: அப்டேட்டில் பழைய செட்டிங் அழிந்திருக்கும். பயாஸில் ஸ்டோரேஜ் (ஹார்டு டிஸ்க், எஸ்எஸ்டி) முன்பு ரெய்டு (RAID) முறையில் இருந்ததா, ஏஹெச்சிஐ (AHCI) முறையில் இருந்ததா என்று பார்த்து, அதே மாதிரி திருப்பி வையுங்கள்.