கேளுங்க அக்காவை: படிப்புக்கும் பேர் விழணும்

அக்கா, ஹட்டனில் ஒரு கடை மாடியில் இருந்துகொண்டு கொழும்புக் கம்பனி ஒன்றுக்குப் புரோகிராம் எழுதும் எட்டுப் பேர் நாங்கள். புதிதாக ஏதாவது சேர்ந்து படிப்போம் என்று சனிக்கிழமை பின்னேரம் ஒன்றரை மணித்தியாலம் ஒதுக்கினோம். முதல் வாரம் எட்டுப் பேரும் வந்தார்கள். மூன்றாம் வாரம் நாலு பேர். போன சனி நானும் என் பிளேன்டீயும் மட்டும்தான். எங்கே பிழை?
– ஹட்டன் வாசகர்

சனிக்கிழமையில்தான் பிழை, தம்பி.

நான் நோர்வூட் பக்கம் லயத்தில் வளர்ந்தவள். அம்மா கொழுந்து எடுத்தவர். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் நின்று மலைக்குப் போய், கிலோவும் சரியாக இருந்தால் பேர் விழும், அதாவது அன்றைய சம்பளம் பதிவாகும்; குறைந்தால் அரைப்பேர். பேர் விழாத வேலைக்கு யாரும் மலை ஏறமாட்டார்கள். உங்கள் ஆட்கள் சனிக்கிழமை பொகவந்தலாவைக்கும் மஸ்கெலியாவுக்கும் பஸ் பிடிக்க வேண்டியவர்கள். சம்பளம் இல்லாத நேரத்தில் படிப்பு வைத்தால், வீட்டில் பொறுப்பு கூடின ஆள்தான் முதலில் வராமல் நின்றுவிடுவார். பெரும்பாலும் அது ஒரு பெண்பிள்ளையாக இருக்கும். எண்ணிப் பாருங்கள்.

அதே ஒன்றரை மணித்தியாலத்தை வேலை நேரத்தில் கேளுங்கள். எட்டுப் பேருக்கு 12 மணித்தியாலம், அதாவது வாரத்தில் ஒரு ஆளுடைய ஒன்றரை நாள். கணக்கை மறைக்காமல் முதலாளியிடம் சொல்லி, ஆறு வாரத்துக்கு மட்டும் கேளுங்கள். வியாழன் காலை நல்லது. வெள்ளி பின்னேரம் எல்லோர் மனமும் பஸ் ஸ்டாண்டில் நிற்கும். போயா வந்தால் புதனுக்கு மாற்றுங்கள், விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது, பாடம் எடுக்காதீர்கள். கண்டியில் டீம் லீடாக இருந்தபோது நானும் ப்ரொஜெக்டர் போட்டுப் பாடம் எடுத்தவள்தான். ஆறாவது ஸ்லைடில் பின்வரிசையில் ஒருவர் கிளையன்டுக்கு மெயில் அடித்துக்கொண்டிருந்தார். 2022-இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்களே, அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. சார்ஜ் மிஞ்சிய ஒரே லெப்டொப்பைச் சுற்றி ஆறு பேர் குந்தினோம். ஒருவர் டைப் பண்ண, மற்றவர்கள் வாயால் வேலை செய்தோம். ஒருவர் தலையில் இருந்த குறுக்குவழி எல்லாம் அன்று ஆறு பேருக்கும் வந்தது.

பாரிஸில் லொரான் பொசாவி, எமானுவேல் கயோ என்ற இருவர் இதை எப்போதோ ‘கோடிங் டோஜோ’ என்று முறையாகவே நடத்தியிருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரியும். டோஜோ என்றால் கராத்தே பழகும் இடம். கீபோர்டில் ஒருவர், பக்கத்தில் ஒருவர். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போனில் மணி அடிக்கும்; கீபோர்டில் இருந்தவர் எழும்ப, பக்கத்தில் இருந்தவர் அந்த இடத்துக்கு நகர, கூட்டத்திலிருந்து இன்னொருவர் வருவார். முதலில் டெஸ்ட், அதாவது விடை சரியா என்று பார்க்கும் சின்னக் கோட்; பிறகு அது பாஸாகும் அளவுக்கு மட்டும் கோட்.

கணக்கு சின்னதாக இருக்கட்டும். நாங்கள் எடுத்தது, எண்ணைக் கொடுத்தால் தமிழில் சொல் வர வேண்டும், செக் எழுதுகிற மாதிரி. பத்து வரை யாருக்கும் வியர்க்கவில்லை. 13-க்குப் ‘பதின்மூன்று’ சரியாக வந்ததும், முன்னால் ‘பதின்’ ஒட்டினால் முடிந்தது என்று ஒருவர் லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் கோட்) எழுதினார். 15-க்கு மெஷின் ‘பதின்ஐந்து’ என்றது. ஓ.எல். தமிழ்ப் பாடத்தில் புணர்ச்சி வந்தபோது தூங்கியவர்கள் எல்லாம் விழித்தார்கள். அதைச் சரிபண்ணினால் 19-க்குப் ‘பதினொன்பது’. ஒவ்வொன்றுக்கும் ஒரு இஃப் (‘இந்த எண் வந்தால் இப்படிச் சொல்’ என்ற நிபந்தனை) போட்டு, இஃப் ஏழாகிவிட்டது. 90-க்கு வந்தபோது, மூலையில் இருந்த புதுப் பிள்ளை மெதுவாகச் சொன்னாள்: “தொண்ணூறில் நூறு இருக்கு, தொள்ளாயிரத்தில் ஆயிரம் இருக்கு. ஒன்பது மட்டும் எப்பவும் அடுத்த வீட்டுப் பேரைத்தான் வச்சுக்குது.” இஃப் எல்லாவற்றையும் தூக்கி, விதிவிலக்குகளை ஒரே அட்டவணையில் போட்டோம். கோட் பாதியாகிவிட்டது.

முடிந்ததும் கோடை அழித்துவிடுங்கள். வைத்திருந்தால் யாராவது அதைக் கிளையன்டுக்கு விற்கப் பார்ப்பார்கள்!

அடுத்த வாரத்துக்கு ஒன்று: ‘தேயிலை’ நமக்கு மூன்றெழுத்து. ஜாவாஸ்கிரிப்ட் என்ற புரோகிராம் மொழியில் நீளம் கேட்டால் 6 என்று சொல்லும். ஏன் என்று தேடவிடுங்கள்.

அக்கா, நான் இன்டர்ன். மாறி மாறிக் கீபோர்டில் இருந்து சேர்ந்து கோட் எழுதும் கூட்டத்தில் என் முறை வரும்போது தேத்தண்ணி ஊற்றப் போய்விடுகிறேன். சீனியர்கள் முன்னால் டைப் பண்ணக் கை நடுங்குகிறது.
– பண்டாரவளை வாசகி

தங்கச்சி, கீபோர்டில் இருக்கும்போது யோசனை சொல்ல வேண்டியது பக்கத்தில் இருப்பவர். கை மட்டும்தான் உங்களுடையது. ஒன்று மட்டும் செய்யுங்கள்: விளங்காத வரியை டைப் பண்ணாதீர்கள். “விளங்கல்ல” என்று சொல்லிக் கையை எடுத்துவிடுங்கள். அவர் விளக்கி முடிக்கும்வரை மணி ஓடட்டும். பாதி நேரம், அவருக்கே விளங்கியிருக்காது.

தேத்தண்ணியை இனி சீனியர் ஊற்றட்டும்.