ஐப்பசியில் நட்ட அலையாத்திக் கன்று வைகாசியில் ஏன் குச்சியாகிறது?

கேள்வி: அதிராம்பட்டினம் பக்கம் எங்கள் கடலோர ஊர். இரண்டு வருடமாக ஐப்பசியில் மழை தொடங்கியதும், கல்லூரி மாணவர்களை வைத்து அலையாத்திக் கன்றுகள் நடுகிறோம். தையில் பச்சையாக நிற்கின்றன. வைகாசியில் போனால் குச்சிதான் மிச்சம். நடும் மாதத்தை மாற்ற வேண்டுமா, கன்றின் வகையை மாற்ற வேண்டுமா?

பதில்: மாதம் சரிதான். கன்றின் மேலும் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை. நடவுக்கு முன்னால் செய்ய வேண்டிய ஆறு மாத வேலை விடுபட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

"தையில் பச்சை, வைகாசியில் குச்சி" என்று நீங்கள் எழுதியதிலேயே பாதி பதில் இருக்கிறது. மழைநீரும் ஆற்றுநீரும் உப்பைக் கழுவிக்கொண்டு போகிற அந்த மூன்று மாதம் எந்தச் சேற்றில் நட்டாலும் கன்று நிற்கும். பங்குனி பிறந்ததும் கதை மாறும். பள்ளத்தில் தேங்கிய கடல்நீர் வெளியே போக வழியில்லாமல் வெயிலில் சுண்டுகிறது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அது இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஏறினால், அலையாத்தி வகைகளில் உப்புக்கு அஞ்சாத வெண்கண்டலே தாங்காது. இன்னொரு வகையான சுரபுன்னை அதற்கு முன்பே போய்விடும்.

இந்தப் பள்ளங்கள் தானாக வந்தவை அல்ல. முத்துப்பேட்டையிலும் பிச்சாவரத்திலும் வெள்ளைக்காரர் காலம் தொட்டு 1970-கள் வரை காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்தார்கள். நிழல் போன மண் காய்ந்து, அமுங்கி, சாப்பாட்டுத் தட்டு மாதிரி குழிந்துபோனது. கடல் ஏற்றத்தில் உள்ளே வரும் தண்ணீர், கடல் இறங்கும் வற்றத்தில் திரும்பிப் போவதில்லை. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் இங்கே செய்துகாட்டிய மீன்முள் வாய்க்கால் முறை இதற்கான வைத்தியம்தான். ஆற்றோடோ முகத்துவாரத்தோடோ சேரும்படி நடுவே ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து இரண்டு பக்கமும் சாய்வாகப் பிரியும் சின்ன வாய்க்கால்கள். தண்ணீர் தினமும் வந்து போனால் உப்பு தங்காது.

ஆகவே உங்கள் வருடம் ஐப்பசியில் அல்ல, சித்திரையில் தொடங்க வேண்டும். கன்று சாகிற மாதத்தில்தான் நிலத்தைப் படிக்க முடியும். ஒரு அமாவாசையை ஒட்டி, வற்ற நேரத்தில் போங்கள். வெள்ளை உப்பு பூத்துக் கிடக்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓரடி ஆழத்துக்குக் குழி எடுத்து, ஊறிவரும் தண்ணீரை, உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். கையடக்கக் கருவிதான், இறால் பண்ணை வைத்திருப்பவர் யாரிடமாவது இருக்கும், இரவல் கேட்கலாம். மண் கறுத்து அழுகிய முட்டை நாற்றம் அடித்தால், அங்கே தண்ணீர் வெகுநாள் நகரவில்லை என்று அர்த்தம்.

அப்புறம் மூங்கில் குச்சிகள். பள்ளிக்கூடச் சாக்பீஸைத் தடிமனாகப் பூசி, இருபது முப்பது இடங்களில் ஊன்றிவையுங்கள். ஏற்றநீர் தொட்ட உயரம்வரை சாக்பீஸ் கரைந்திருக்கும். ஆறு மணி நேரம் கழித்து, அதே குச்சியின் காலடியில் தண்ணீர் நிற்கிறதா, வடிந்துவிட்டதா என்று பாருங்கள். நம் பக்கம் கடல் ஏற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவு. நாலு விரல் மேடு பள்ளம்கூடக் கன்றின் தலையெழுத்தை மாற்றிவிடும். கஜா புயலுக்கு முன்னால் வாய்க்கால் எங்கே ஓடியது என்ற பழைய நினைவை நம்ப வேண்டாம்.

வாய்க்கால் வெட்டுவதோ தூர்வாருவதோ வைகாசி முதல் ஆவணிக்குள் முடியட்டும். அப்போதுதான் ஆள் நின்று வெட்ட முடியும். மழையில் வெட்டினால் கரை சரிந்து உள்ளேயே விழும். வெட்டிய மண்ணைக் கரையோரம் வரப்பு மாதிரி குவித்துவிடுவார்கள், அதில் கவனம் வையுங்கள். அந்த வரப்பே தண்ணீரை மறித்துவிடும். வாரிப் பரப்பிவிடச் சொல்லுங்கள். ஒரு முக்கியமான விஷயம்: அங்கே பெரும்பகுதி காப்புக்காடு, மற்ற இடங்களுக்கும் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் உண்டு. வனச்சரக அலுவலகத்தில் எழுத்துமூலம் அனுமதி வாங்காமல் மண்வெட்டி வைக்காதீர்கள். அதற்கே நாளாகும் என்பதால் மாசியிலேயே மனு கொடுத்துவிடுங்கள்.

வெண்கண்டல் விதை புரட்டாசி, ஐப்பசி வாக்கில் முதிர்ந்து விழும். மரத்துக்கு மரம் முன்பின் இருக்கும். மொச்சை மாதிரி தட்டையாக, உள்ளேயே முளைவிட்டு இருக்கும். ஓர் இரவு உப்புகலந்த தண்ணீரில் ஊறப்போட்டால் மேல்தோல் கழன்றுவிடும். வைத்திருந்து விதைக்கிற விதை இல்லை இது. சில நாளிலேயே ஊன்றிவிட வேண்டும். அலை அடிக்காத இடத்தில் நேரடியாக ஊன்றினாலே போதும். தண்ணீர் இழுக்கும் இடத்துக்கு மட்டும் பையில் வளர்த்த பைக்கன்று. பைக்கன்றை நல்ல தண்ணீர் ஊற்றிக் கொழுகொழுவென்று வளர்த்துக் கொண்டுபோய் உப்பில் வைத்தால் பத்தே நாளில் வாடும். நாற்றங்காலிலேயே உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். நடுவது வாய்க்கால் சரிவின் நடுமட்டத்தில், ஏற்றம் நனைத்துவிட்டுப் போகிற உயரத்தில். மேட்டிலும் வேண்டாம், அடியிலும் வேண்டாம். ஏற்கெனவே உமரி என்ற உப்புநிலச் செடி முளைத்திருந்தால் அதைப் பிடுங்காதீர்கள், கன்றுக்கு நிழல் அதுதான்.

மாணவர்களை கம்பூட்ஸ் போட்டு வரச் சொல்லாதீர்கள். சேற்றில் பூட்ஸ் மாட்டிக்கொள்ளும், கால் மட்டும் வெளியே வரும். வெறுங்காலில் போனால் சிப்பி கிழிக்கும். பழைய கேன்வாஸ் ஷூவைக் கயிறு இறுக்கிக் கட்டிக்கொண்டால் சரி. தில்லை மரம் எது என்று முதல் நாளே காட்டிவிடுங்கள். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

மழை ஓய்ந்ததும், தை, மாசியில் இன்னொரு சுற்று இருக்கிறது. வெள்ளம் கொண்டுவந்த வண்டல் முதலில் அடைப்பது வாய்க்கால் வாயைத்தான், அதை வருடாவருடம் எடுக்க வேண்டும். கன்றில் சுற்றிய வலைத்துண்டு, பாசி எல்லாவற்றையும் கையால்தான் எடுக்க முடியும். ஆடுமாடு வரும் பக்கம் மட்டும் வேலி போடுங்கள். நடவு நாளில் படம் எடுக்க வரும் கூட்டம் இந்த வேலைக்கு வராது, தெரிந்த கதைதான்.

கையில் இருக்கும் பணம் வாய்க்கால், நடவு இரண்டுக்கும் பத்தாது என்றால், இந்த ஐப்பசியில் ஒரு கன்றுகூட நட வேண்டாம். அத்தனையையும் வாய்க்காலுக்குப் போடுங்கள். பக்கத்தில் தாய்மரம் இருந்தால், தண்ணீரே விதையைக் கொண்டுவந்து சேர்த்துவிடவும் கூடும். அடுத்த சித்திரையில் அதே குழிகளில் மறுபடி உப்பை அளந்து, இந்த வருடக் கணக்கோடு ஒப்பிடுங்கள். குறைந்திருந்தால், எத்தனை கன்று வேண்டும் என்று அப்போது முடிவு செய்யலாம். சாக்பீஸ் குச்சி ஊன்ற மூன்று மாணவர்கள் போதும்.