ஓர் ஊர் யாருக்காக இயங்குகிறது?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

மேல்நிலை வகுப்புகளுக்குப் புவியியல் சொல்லித்தருகிறேன். குடியிருப்புகள் பாடம் வந்தாலே மாணவர்கள் சோர்ந்துபோகிறார்கள். குழுமியவை, சிதறியவை, கோட்டு வடிவம், வட்ட வடிவம் என்று ஒரு பட்டியல். நிர்வாக நகரம், துறைமுக நகரம், சுரங்க நகரம் என்று இன்னொரு பட்டியல். எத்தனை பேர் இருந்தால் கிராமம் நகரமாகும் என்று ஒரு மாணவி கேட்டாள். பாடநூலில் இருக்கும் எண்ணைச் சொன்னேன். "அதில் ஒருவர் குறைந்தால் மறுபடி கிராமமா?" என்றாள். இந்த வகைப்பாடுகளால் உண்மையில் என்ன பயன்?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் மாணவி சரியான இடத்தில்தான் கைவைத்திருக்கிறாள். அந்த எண் ஒவ்வொரு நாடும் தன் வசதிக்குப் போட்டுக்கொண்ட கோடு. டென்மார்க்கில் வீடுகள் நெருங்கியிருந்து 200 பேர் வசித்தாலே நகர்ப்புறக் கணக்கில் சேரும். ஜப்பானில் ஓர் ஊரைச் சட்டப்படி நகரமாக்க, பொதுவாக 50,000 பேர் வேண்டும். இந்தியக் கணக்கெடுப்பு, நகராட்சி போன்ற அமைப்பு இல்லாத ஊர்களுக்கு மூன்று நிபந்தனைகள் வைத்திருக்கிறது: குறைந்தது 5,000 பேர், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் அடர்த்தி, உழைக்கும் ஆண்களில் 75 விழுக்காட்டினராவது விவசாயம் சாராத வேலையில் இருப்பது. பெண்களின் உழைப்பை விட்டுவிட்டு ஓர் ஊரின் தொழிலை எப்படி அளப்பது என்ற வருத்தம் எனக்கு உண்டு. ஆனாலும் மூன்றாவது நிபந்தனைதான் பொருளுள்ள கேள்வியைக் கேட்கிறது: இங்கே இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள்?

நான் இந்தப் பாடத்தை அங்கிருந்துதான் தொடங்குவேன். கிராமத்தின் வேலை பெரும்பாலும் சுற்றியுள்ள நிலத்தோடு: வயல், மேய்ச்சல், காடு, மீன். நகரத்தின் வேலை பெரும்பாலும் சுற்றியுள்ள மனிதர்களோடு: சந்தை, மருத்துவமனை, நீதிமன்றம், கல்லூரி. இது புரிந்துவிட்டால் இரண்டு பட்டியல்களும் தாமாகவே அவிழும்.

முதலில் வடிவங்கள். தண்ணீர், மேடு, வெள்ளம் என்று இயற்கைக் காரணங்களைப் பாடநூல்கள் சொல்கின்றன, அது சரிதான். ஆனால் நிலம் எப்படிப் பங்கிடப்பட்டது என்பதை அவை போதுமான அளவு சொல்வதில்லை. இடைக்கால ஐரோப்பாவின் பல பகுதிகளில் ஒரு குடும்பத்தின் நிலம் ஒரே துண்டாக இருக்காது. ஊரைச் சுற்றிய பெரிய வயல்களில் பட்டை பட்டையாகப் பிரிந்து கிடக்கும். எந்த வயலைத் தரிசாக விடுவது, அறுவடைக்குப் பின் மாடுகளை எப்போது உள்ளே விடுவது என்பதையெல்லாம் ஊரே கூடித்தான் முடிவு செய்ய வேண்டும். அப்படியிருக்க, எல்லோரும் நடுவில் சேர்ந்து வாழ்வதுதான் வசதி. குழுமிய கிராமம் அங்கே உழவு முறையின் விளைவு. பின்னாளில் துண்டு நிலங்களை ஒன்றுசேர்த்து ஆளுக்கொரு பண்ணையாகப் பிரித்துக்கொடுத்த இடங்களில், குடும்பங்கள் ஊர் நடுவை விட்டுத் தங்கள் நிலத்துக்கே குடிபோயின.

அமெரிக்காவில் சட்டமே வீடுகளைச் சிதறடித்தது. 1862இல் வந்த ஹோம்ஸ்டெட் சட்டம் 160 ஏக்கர் வரை நிலம் கொடுத்தது. ஆனால் பெறுபவர் அந்த நிலத்திலேயே 5 ஆண்டுகள் குடியிருந்து பயிர் செய்ய வேண்டும். அப்புறம் யார் ஊர் நடுவில் கூடி வாழ முடியும்? அந்தச் சமவெளிகளின் சிதறிய குடியிருப்புகளுக்குப் பின்னால் இந்த நிபந்தனையும் இருக்கிறது. கனடாவின் செயின்ட் லாரன்ஸ் கரையிலோ நிலத்தை ஆற்றுப் பக்கம் குறுகலாகவும் உள்ளே நீளமாகவும் அளந்து கொடுத்தார்கள். அன்றைய போக்குவரத்து ஆற்று வழியாகத்தான் என்பதால் எல்லோருக்கும் கொஞ்சம் கரை வேண்டியிருந்தது. வீடுகள் கரையோரம் வரிசையாக எழுந்தன. கோட்டு வடிவம் வந்துவிட்டது.

நகரங்களுக்கு வருவோம். தென் ஜெர்மனியின் ஊர்களை ஆராய்ந்து வால்டர் கிறிஸ்டாலர் என்ற புவியியலாளர் 1933இல் மைய இடக் கோட்பாட்டை முன்வைத்தார். சுற்றியுள்ளவர்களுக்குச் சேவை தரும் ஊர்கள் எவ்வளவு பெரிதாக, எவ்வளவு இடைவெளியில் அமைகின்றன என்பதை அது விளக்குகிறது; ஓர் ஊர் சேவை தரும் பரப்பை அறுகோணமாக வரைந்து காட்டுகிறது. அதன் அறுகோணங்களை வரைய வைத்து மாணவர்களை அலுப்பூட்ட வேண்டாம். இரண்டு கேள்விகள் போதும். ஒரு சேவை தாக்குப்பிடிக்க எத்தனை பேர் வேண்டும்? அதற்காக மக்கள் எவ்வளவு தூரம் வருவார்கள்? ரொட்டிக் கடைக்குச் சில நூறு குடும்பங்கள் போதும். தொலைவிலிருந்து யாரும் வரமாட்டார்கள். இதய அறுவை மருத்துவமனைக்கு லட்சக்கணக்கானோர் வேண்டும். நாள் முழுக்கப் பயணம் செய்தும் வருவார்கள். அதனால்தான் சிற்றூர்கள் பல, பெருநகரங்கள் சில.

சுரங்க ஊர்கள் இந்தக் கணக்குக்குள் அடங்குவதில்லை. அவற்றைப் பிறப்பிப்பது சுற்றியுள்ள மக்களின் தேவை அல்ல, மண்ணுக்கடியில் இருக்கும் பொருள். நமீபியாவின் கோல்மன்ஸ்கோப் 1908இல் வைரம் கிடைத்ததால் பாலைவனத்தில் எழுந்தது. 1956க்குள் ஆளில்லாமல் போனது. ஸ்வீடனின் கிருனாவில் வேறு கதை. இரும்புச் சுரங்கம் ஆழப் போகப்போக மேலே தரை நகர்ந்தது. வேலை தொடர வேண்டும் என்பதற்காக நகரத்தின் மையத்தையே சில கிலோமீட்டர் கிழக்கே மாற்றிக் கட்டுகிறார்கள். 1912இல் கட்டிய மரத் தேவாலயத்தைப் பிரிக்காமல் அப்படியே வண்டியில் ஏற்றி 2025 ஆகஸ்டில் புது இடத்துக்குக் கொண்டுபோனார்கள். ஒரே தொழிலை நம்பும் ஆபத்து சுரங்க ஊர்களுக்கு மட்டும் அல்ல. மோட்டார் தொழிலையே பெரிதும் நம்பிய அமெரிக்க நகரமான டெட்ராய்ட்டில் 1950இல் சுமார் 18.5 லட்சம் பேர் இருந்தார்கள். 2020இல் சுமார் 6.4 லட்சம். தொழில் வெளியேறியதோடு, வசதியுள்ளவர்கள் புறநகர்களுக்குப் போனதும் இனப் பிரிவினையும் இதில் சேர்ந்திருக்கின்றன. ஒரு நகரத்துக்குப் பல வேலைகள் இருப்பது ஏன் முக்கியம் என்று பேச இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

ஒன்று மட்டும் உங்கள் வகுப்பில் கட்டாயம் வர வேண்டும் என்று விரும்புகிறேன். பார்வைக்குக் கிராமமாக இருந்து, காலையில் பாதிப் பேர் நகரத்துக்கு வேலைக்குக் கிளம்பிவிடும் ஊரை எந்தப் பட்டியலில் வைப்பது? ஐரோப்பிய ஒன்றியமும் ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டுப் பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பும் இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன: வேலை செய்பவர்களில் குறைந்தது 15 விழுக்காட்டினர் அந்த நகரத்துக்குப் போய்வந்தால், அந்த ஊரை நகரத்தின் பயண வட்டத்தில் சேர்த்துவிடுகிறார்கள். மாணவர்களிடம் ஓர் ஊரின் வரைபடத்தைக் கொடுத்து, காலையில் யார் உள்ளே வருகிறார்கள், யார் வெளியே போகிறார்கள், எதற்காக என்று அம்புக்குறி போடச் சொல்லிப் பாருங்கள். வகையின் பெயரை அதற்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.