கொலைகாரனின் கண்ணீர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன வாரம் நண்பர்களோடு உட்கார்ந்து ‘பெர்ஃப்யூம்’ படம் பார்த்தேன். அதற்கு மூலமான, ஜெர்மன் எழுத்தாளர் பாட்ரிக் சூஸ்கிண்டின் நாவலை முன்பே படித்தவன் நான். நண்பர்கள் யாரும் படித்ததில்லை. அவர்களுக்கு இதை அறிமுகப்படுத்தப்போகிறேன் என்ற பெருமையோடுதான் ஆரம்பித்தேன்.

நடந்தது வேறு. மரணதண்டனைக் காட்சியில் கொலைகாரன் பூசிவந்த வாசனைக்கு ஊரே மயங்கி ஒருவரையொருவர் கட்டிக்கொள்ளும்போது ஒரு நண்பர் விழுந்து விழுந்து சிரித்தார். இன்னொருவர் கண் கலங்கி, “பாவம்டா அவன், யாராவது அன்பு காட்டியிருந்தா இப்படி ஆகியிருப்பானா?” என்றார். ஒரு தோழி அதற்கு முன்பே எழுந்து போய்விட்டார். கொலையான பெண்களை இத்தனை அழகாகக் காட்டவேண்டிய தேவை என்ன என்பது அவருடைய கேள்வி. மற்றொருவர், கொலைகாரன் யாரென்று முதல் காட்சியிலேயே சொல்லிவிட்ட பிறகு இது என்ன த்ரில்லர் என்று சலித்துக்கொண்டார்.

எனக்கு எல்லோர்மீதும் கோபம். இவ்வளவு இருட்டான ஒரு கதையைப் பார்க்கும் பக்குவம் பார்வையாளர்களுக்கு இல்லையா? அல்லது நாவலைப் படிக்காதவர்களுக்கு இந்தப் படம் புரியவே புரியாதா?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் உங்கள் நண்பர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் அந்தச் சிரித்தவர்தான். நாவலைப் படிக்காமலேயே அதன் தொனிக்குப் பக்கத்தில் போய்விட்டார்.

(படத்தின் முடிவு தெரியாதவர்கள் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். முடிவைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது.)

1985இல் வந்த அந்த நாவலை இப்போது நினைத்துப் பாருங்கள். 1738இல் பாரீஸ் மீன்சந்தையின் கழிவுக்கு நடுவே கிரெனூய் என்றொரு குழந்தை பிறக்கிறது. பெரிதாகி, பெண்களைக் கொன்று அவர்கள் உடல் மணத்திலிருந்து வாசனைத் திரவியம் செய்யும் கொலைகாரனாகிறது. கதை என்னவோ இருட்டுதான். அதைச் சொல்லும் குரல்? அது ஒரு குறும்புக்காரக் கிழவரின் குரல். ஊர் முழுக்க எப்படி நாறியது என்று பட்டியல் போட்டுக்கொண்டே போய், அரசரும் நாறினார், அரசியும் கிழட்டு ஆடு மாதிரி நாறினாள் என்று அசராமல் சொல்லும் குரல். கிரெனூயை வைத்துக் காசு பார்த்தவர்கள் அத்தனை பேரையும் அவன் அந்த இடத்தைவிட்டுப் போனதும் ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறது. அனாதைக் குழந்தைகளை வளர்க்கும் மதாம் கயார் ஞாபகம் இருக்கிறதா? பொது ஆஸ்பத்திரியில் நாலு பேர் நடுவே சாகக் கூடாது என்பதற்காகவே வாழ்நாள் முழுவதும் காசு சேர்க்கிறாள். பிரெஞ்சுப் புரட்சி வருகிறது, காகிதப் பணம் செல்லாக்காசாகிறது, கடைசியில் 1799இல் எதற்குப் பயந்தாளோ அதே ஆஸ்பத்திரியில் போய்ச் சாகிறாள். இதைப் படிக்கும்போது நமக்குச் சிரிப்பு வருகிறது. சிரித்ததற்காகக் கொஞ்சம் கூச்சமும் வருகிறது. அந்தச் சிரிப்பு இல்லையென்றால் நாவலின் இருட்டைத் தாங்கியே இருக்க முடியாது.

டாம் டிக்வருக்கு இது தெரியாமல் இல்லை. 2006இல் வந்த அவருடைய படத்தின் முதல் பாதி முழுக்க அந்தக் கிண்டல் உயிரோடு இருக்கிறது. ஜான் ஹர்ட்டின் குரல் கதை சொல்கிறது. மதாம் கயாரைப் படம் ஐம்பது வருஷம் காக்கவைப்பதில்லை. பையனை விற்ற காசு கையில் இருக்கும்போதே வழியில் கழுத்தறுபட்டுச் செத்துப்போகிறாள். கிரெனூய்க்கு வாசனைத் தொழில் கற்றுத்தரும் பால்தினியாக வரும் டஸ்டின் ஹாஃப்மன் செய்வது ஏறக்குறைய நகைச்சுவை நடிப்புதான். பாலத்தின் மேலிருக்கும் அவர் வீடு அவரோடு சேர்ந்து இடிந்து ஆற்றில் விழும்போது சிரிக்காதவர் யார்?

அப்புறம் கதை வாசனைத் திரவியத்துக்குப் பேர்போன கிராஸ் நகரத்துக்குப் போகிறது. குரல் தேய்கிறது, இசை ஓங்குகிறது. சைமன் ராட்டில் நடத்தும் பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கின் இசை அது, லேசுப்பட்டதில்லை. தூக்கிச் செல்கிறது, மண்டியிடச் சொல்கிறது. சூஸ்கிண்டின் கிழவர் போனவழி தெரியவில்லை. ஒரு மணி நேரமாகச் சிரிக்கப் பழக்கிவிட்டு, இனிமேல் சிரிக்கக் கூடாது என்று சொன்னால் பார்வையாளர் என்னதான் செய்வார்? உங்கள் நண்பர் முதல் பாதியில் கற்றுக்கொண்டதை இரண்டாம் பாதியிலும் மறக்காமல் இருந்திருக்கிறார், அவ்வளவுதான்.

அந்தக் காட்சியையே எடுத்துக்கொள்வோம். நாவலில் பத்தாயிரம் பேர் கூடிய திடல். பாதிரியாரிலிருந்து கன்னியாஸ்திரீ வரை அத்தனை பேரும் நிலைகுலைவதை அந்தக் குரல் மளமளவென்று சொல்லி முடித்துவிடும். நம் கற்பனை அதைப் படமாக விரிப்பதற்குள் அடுத்த வரி வந்துவிடுகிறது. படத்திலோ 750 துணை நடிகர்கள், பார்சிலோனாவின் லா ஃபுரா தெல்ஸ் பாவுஸ் நாடகக் குழுவோடு ஒத்திகை பார்த்து எடுத்தது. உழைப்பு பெரிது, சந்தேகமில்லை. ஆனால் கேமரா அந்த உடல்கள்மீது நிதானமாக ஊர்ந்து போகும்போது, இது கேலியா பக்தியா என்று பார்ப்பவர் தானே முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது. ஒருவர் சிரிப்பார், ஒருவர் கூசுவார், ஒருவர் உருகுவார். மூன்றுக்கும் திரையிலேயே சாட்சி இருக்கிறது.

‘பாவம் அவன்’ என்றவரிடம் வருகிறேன். இவர்மீதுதான் உங்களுக்குக் கோபம் அதிகம் என்று நினைக்கிறேன். ஆனால் அவர் பார்த்தது இல்லாத ஒன்றை அல்ல. அந்த மேடையில் நின்றுகொண்டு படத்தின் கிரெனூய் முதலில் கொன்ற பெண்ணை நினைக்கிறான். கூடையில் மஞ்சள் பழம் விற்றுக்கொண்டு போனவள். அவள் தன்னைத் தழுவிக்கொள்வதாகக் கனவு காண்கிறான், கண்ணீர் வழிகிறது. அன்பு கிடைக்காததால் கொலைகாரனானவன் என்று படமே சொல்லிவிடுகிறது. உங்கள் நண்பர் அதைத் திருப்பிச் சொன்னார். நாவலில் அதே நொடியில் அவனுக்குள் எழுவது வெறுப்பு. காலமெல்லாம் மனிதர்கள் தன்னை நேசிக்க வேண்டும் என்று ஏங்கியவன், அவர்கள் நேசிக்கிற அந்தக் கணத்தில் அதைச் சகிக்க முடியாமல் போகிறான். ஏனென்றால் அவனுக்கு அவர்கள்மேல் நேசம் இல்லை. தான் வெறுக்கப்பட வேண்டும், தன் வெறுப்புக்கு ஒரு பதில் வேண்டும் என்று கிடந்து தவிக்கிறான். அதுவும் கிடைப்பதில்லை. நான் படித்த கொலைகாரர்களில் இத்தனை பயங்கரமான இடத்தில் நின்றவர் குறைவு. அங்கே கண்ணீரை வைத்தது படத்தின் மிகப் பெரிய விட்டுக்கொடுப்பு என்பது என் அபிப்பிராயம்.

ஏன் விட்டுக்கொடுத்தார்கள் என்று யூகிப்பது கஷ்டமில்லை. நாவலில் ஒருவனை நானூறு பக்கம்கூட வெறுத்துக்கொண்டே பின்தொடரலாம், கூடவே பேசிக்கொண்டு வர ஒரு குரல் இருப்பதால். திரையில் நமக்குத் துணை அவன் முகம் மட்டும்தான். கிரெனூயாக நடித்த பென் விஷாவின் ஒட்டி உலர்ந்த முகத்தை இரண்டரை மணி நேரம் அருகில் பார்த்துக்கொண்டிருந்தால், இயக்குநர் கேட்காமலே இரக்கம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இதைப் படத்தின் தயாரிப்பாளர் பெர்ண்ட் ஐஷிங்கர் நன்றாக அறிந்தவர். இருபது வருஷம் முன்னால் 1986இல் உம்பெர்ட்டோ ஈக்கோவின் ‘ரோஜாவின் பெயர்’ நாவலைப் படமாக்கியதும் அவர்தான். அங்கே நடந்தது இன்னும் வேடிக்கை. நாவலில் திருச்சபையின் விசாரணை அதிகாரி பெர்னார் கீ, சூனியக்காரி என்று பிடிபட்ட ஓர் ஏழைப் பெண்ணைக் கைதியாகக் கூட்டிக்கொண்டு வெற்றியோடு கிளம்பிப்போகிறார். அவள் கதி சிதைதான். படத்தில் அவள் தப்பிக்கிறாள், அவர் ஊர்மக்கள் கையில் சாகிறார். கதை நடப்பது 1327இல். நிஜமான பெர்னார் கீ செத்ததோ 1331இல். பார்வையாளர் திருப்தியாக வீட்டுக்குப் போகவேண்டும் என்பதற்காக வரலாற்று மனிதர் ஒருவரின் ஆயுளில் நாலு வருஷத்தைக் குறைத்துவிட்டார்கள்! அதோடு ஒப்பிட்டால் கிரெனூயின் கண்ணீர் சின்ன விஷயம்.

உங்கள் தோழியின் கேள்வி இவை எல்லாவற்றையும்விடக் கனமானது. ‘பக்குவம் இல்லை’ என்று அதைத் தள்ளிவிடாதீர்கள். நாவல்மீதும் அந்தக் குற்றச்சாட்டு உண்டு. செத்த பெண்களில் யாருக்கும் அங்கே பேச்சு இல்லை, பெரும்பாலோருக்குப் பெயரும் இல்லை. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. கிரெனூய்க்குக் கண் ஒரு பொருட்டே இல்லை. கடைசியாகக் கொல்லப்படும் லாராவை முதன்முதலில் அவன் அறிவது மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று, மூக்கால். அவளைக் கொன்றுவிட்டுக் கிளம்பும்போதும், வாழ்க்கையில் ஒரு தடவையாவது கண்ணால் பார்ப்போம் என்று அவனுக்குத் தோன்றுவதில்லை. அவள் உருவம் அவனுக்கு வேண்டியிருக்கவில்லை. அந்த அலட்சியத்தில்தான் அவன் மனிதன் இல்லை என்பது நமக்கு உறைக்கிறது. சினிமாவால் மணத்தைக் காட்ட முடியாது, ஆகவே அழகைக் காட்டுகிறது. செம்பட்டைக் கூந்தல், வெள்ளைத் தோள், மெழுகுவர்த்தி வெளிச்சம். படத்தின் லாரா கடைசி நொடியில் கண் விழித்து அவனைப் பார்க்கிறாள், அவன் தயங்குகிறான். மூக்கால் மட்டுமே வாழ்ந்தவனை ஒரே காட்சியில் காதலனாக்கிவிட்டார்கள். உங்கள் தோழி அதற்குள் எழுந்து போயிருந்தார் என்றால் அவருக்கு இழப்பு ஒன்றுமில்லை.

த்ரில்லர் கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. யார் கொன்றது என்பது இந்தக் கதையில் எப்போதுமே புதிர் இல்லை, கொலைகாரனின் கதை என்று நாவலின் அட்டையிலேயே இருக்கிறது. படம் இதற்குப் பதிலாக ஒரு கணக்கை வைக்கிறது. நாவலில் 24 பெண்கள், பிறகு லாரா. படத்தில் பால்தினி ஒரு எகிப்தியக் கதை சொல்லி, பன்னிரண்டு மணங்கள், யாருக்கும் அகப்படாத பதிமூன்றாவது என்று ஆக்கிவிடுகிறார். புட்டிகள் நிரம்ப நிரம்ப நாம் எண்ண ஆரம்பிக்கிறோம். மலிவான உத்திதான், ஆனால் வேலை செய்கிறது. அதைவிட நல்லது லாராவின் அப்பாவாக ஆலன் ரிக்மன் வரும் பகுதி. கொலைகாரன் எதையோ சேகரிக்கிறான், தன் மகள்தான் அந்தச் சேகரிப்பின் கிரீடம் என்று அந்த அப்பா கண்டுபிடிக்கிறார். ஒரு பக்கம் போவதாகப் போக்குக் காட்டிவிட்டு மகளோடு கடற்கரைப் பக்கம் திரும்புகிறார். கண்ணுக்குத் தெரியாமல் ஒளிவதற்கு எல்லாம் செய்கிறார், துரத்துகிறவன் கண்ணைப் பயன்படுத்துவதே இல்லை என்பது அவருக்குத் தெரியாது. உங்கள் சலிப்பு நண்பர் அந்த இருபது நிமிடத்தையும் கைப்பேசியில் கழித்திருப்பார் என்று சந்தேகிக்கிறேன்.

பார்வையாளர்களின் பக்குவம் பற்றிப் பொதுவாக ஏதாவது சொல்லச் சொன்னால் தயங்குவேன். ஜெர்மனியில் மட்டும் இந்தப் படத்தை 50 லட்சம் பேருக்கு மேல் தியேட்டரில் பார்த்தார்கள். அமெரிக்காவில் மொத்த வசூலே 22 லட்சம் டாலரைச் சுற்றித்தான். அதே அமெரிக்காவில் விமர்சகர் ரோஜர் ஈபெர்ட் இதற்கு நான்கு நட்சத்திரம் கொடுத்தார். ஜெர்மானியர் பக்குவப்பட்டவர்கள் என்றா இதற்கு அர்த்தம்? அங்கே நாவல் பல வருஷம் விற்பனைப் பட்டியலைவிட்டு இறங்காமல் இருந்தது. வந்தவர்களில் ஏராளமானோர் உங்களைப் போல அந்தக் குரலை மனதில் வைத்துக்கொண்டே தியேட்டருக்குள் போயிருப்பார்கள். படம் விட்டதை அவர்களே நிரப்பிக்கொண்டார்கள். நீங்களும் அன்று அதைத்தான் செய்தீர்கள். நண்பர்களுக்கு அந்த வசதி இல்லை.

சரி, நாவலை இப்போது யாருக்குக் கொடுக்கலாம் என்றால், முதலில் சிரித்தவருக்குக் கொடுங்கள். மண்ணிலிருந்து விஷவாயு கிளம்புகிறது என்று சாதிக்கும் பிரபு (மார்க்கீ) ஒருவர் வருவாரே, கடைசியில் சுத்தமான காற்றுக்காகக் குளிரில் துணியை அவிழ்த்துப் போட்டுவிட்டு மலை ஏறிக் காணாமல் போகிறவர். படத்தில் அவரை முழுசாக வெட்டிவிட்டார்கள். அந்தப் பக்கங்களை உங்கள் நண்பர் மிகவும் ரசிப்பார்.

அன்புடன்.