கணக்கு வாத்தியார் பதில்கள்: நேரே ஓடும் தண்ணீரிலும் சுழற்சியா?

கேள்வி: சேர், உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிக்கிறேன். விசையின் திருப்பத்துக்குக் காவிப் பெருக்கம் எடுப்பது விளங்குகிறது. பேராதனையில் பொறியியல் படிக்கும் அண்ணா, தண்ணீரின் சுழற்சிக்கு 'டெல் × வேகம்' எடுத்தால் போதும் என்கிறார். டெல்லுக்குப் பருமனும் இல்லை, திசையும் இல்லை. அதை எப்படிப் பெருக்குவது? நேராக ஓடும் கானிலும் சுழற்சி உண்டு என்று வேறு சொல்கிறார். நம்பலாமா?
– மாணவி ஒருவர், தலவாக்கலை

பதில்: அண்ணாவை நம்பலாம், மகள். ஆனால் உங்கள் சந்தேகமும் நியாயமானதுதான். டெல், பருமனும் திசையும் கொண்ட காவியே அல்ல. மூன்று திசையிலும் 'வகையிடு', அதாவது 'மாறும் வீதத்தைக் காண்' என்று சொல்லி நிற்கும் கட்டளை அது. காவிப் பெருக்கத்துக்கு எழுதும் மூன்று வரித் துணிகோவையின் நடு வரியில் அதையும், கீழ் வரியில் வேகத்தின் கூறுகளையும் எழுதி விரித்தால் சரியான விடை கிடைக்கிறது. அந்த வசதிக்காகத்தான் பெருக்கல் குறி.

சாதாரணக் காவிப் பெருக்கத்தின் விடை இரண்டு காவிகளுக்கும் செங்குத்தாக இருக்கும் அல்லவா? இங்கே அந்த உத்தரவாதம் கிடையாது. எல்லா மட்டத்திலும் நீர் ஒரே கதியில் கிடையாக ஓடுகிறது, உயரம் கூடக் கூட ஓடும் திசை மட்டும் சீராகத் திரும்புகிறது என்று வையுங்கள். டெல் × வேகம் எடுத்துப் பாருங்கள்: விடை வேகத்தின் கோட்டிலேயே கிடக்கும். டியூஷன் கொப்பியில் சூத்திரத்துக்குப் பெட்டி போட்டுத் தருகிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

இனி கானுக்கு வருவோம். மழை விட்டதும் தேயிலை மலைக் கானில் தண்ணீர் ஓடும்போது, இரண்டு சிறு ஈர்க்குகளைச் சிலுவையாக நூலால் கட்டி, கரையோரமாக மிதக்க விடுங்கள். ஓடும் திசையைப் பார்த்து நிற்கிறீர்கள். வலக்கரையை ஒட்டி நீரின் வேகம் பூச்சியம், அங்கிருந்து 10 சென்ரிமீற்றர் உள்ளே செக்கனுக்கு 0.4 மீற்றர், இடையில் சீராகக் கூடுகிறது என்று எடுத்துக்கொள்வோம். டெல் × வேகத்தின் விடைக்குச் சுழிமை என்று பெயர். இங்கே துணிகோவையை விரித்தால் அதில் ஒரே கூறுதான் மிஞ்சும்:

சுழிமை = (குறுக்கு வேகம் ஓடும் திசை வழியே மாறும் வீதம்) − (ஓடும் வேகம் குறுக்கே மாறும் வீதம்)

முதலாவது பூச்சியம். இரண்டாவது 0.4 ÷ 0.1 = 4. ஆக, சுழிமை செக்கனுக்கு −4. வலக்கை விதிப்படி பெருவிரல் நிலத்தை நோக்கும். மேலிருந்து பார்க்கிற உங்களுக்குச் சிலுவை வலஞ்சுழியாகத் திரும்பும். இடக்கரையில் விட்டால் எதிர்ப்பக்கம்.

எவ்வளவு விரைவாக? ஓடும் திசையில் கிடக்கும் ஈர்க்கின் இரு முனைகளுக்கும் ஒரே வேகம், அது தானாகத் திரும்பாது. குறுக்கே கிடப்பதோ செக்கனுக்கு 4 ஆரையன் (ஒரு முழுச் சுற்று சுமார் 6.28 ஆரையன்) திரும்பப் பார்க்கும். இரண்டும் ஒன்றாகக் கட்டப்பட்டிருப்பதால் சராசரி 2 ஆரையன், ஏறத்தாழ மூன்று செக்கனுக்கு ஒரு சுற்று. சுழிமையில் பாதிதான் கோண வேகம் என்பது இப்படித்தான் வருகிறது. வாளித் தண்ணீர் முழுவதும் வாளியோடு சேர்ந்து திடப்பொருள்போலச் சுற்றினாலும் இதே கணக்குத்தான்: கோண வேகத்தின் இரு மடங்கு சுழிமை.

எனக்குப் பிடித்தது இதன் மறுபக்கம். தொட்டியின் அடைப்பைப் பிடுங்கினால் நீர் வட்டமிட்டு இறங்குகிறதே, அங்கே துளைக்குச் சற்று வெளியே வட்ட வேகம் ஏறத்தாழ ஆரைக்கு நேர்மாறாகக் குறையும். வட்டத்தின் வழியே கிடக்கும் ஈர்க்கு ஒரு பக்கமும், ஆரை வழியே கிடப்பது அதே அளவு மறுபக்கமும் திரும்பப் பார்ப்பதால், கூட்டினால் பூச்சியம். சிலுவை துளையைச் சுற்றிச் சுற்றி வரும், ஆனால் அதன் கைகள் பார்க்கும் திசை மாறாது. சுழிமையெல்லாம் நடுவில்தான். வட்டமாகப் போவது வேறு, தன்னைத் தானே சுற்றுவது வேறு. டெல் × வேகம் அளப்பது பின்னதை மட்டும். சுழிப்பாய்ச்சலுக்கு 1858இல் ஒழுங்கான கணிதம் எழுதிய ஹெல்ம்ஹோல்ட்ஸ், படிப்பால் ஒரு மருத்துவர். இணைந்த கணிதமா உயிரியலா என்று வீட்டில் இழுபறி என்றால் அவர் பெயரைச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: பூமி சுற்றுவதால்தான் சிங்கில் தண்ணீர் எப்போதும் ஒரே பக்கம் சுழல்கிறதாமே?
– வாசகர், பண்டாரவளை

பதில்: இல்லை ஐயா. பூமியின் கோண வேகம் செக்கனுக்கு 0.000073 ஆரையன். அதை இரட்டித்து, நம் அகலக்கோடான 7 பாகையின் சைனால் பெருக்கினால், பூமியின் சுற்று இங்கே தரும் சுழிமை கிடைக்கும்: சுமார் 0.000018. மேலே கானில் நாம் பார்த்தது 4. பைப்பைத் திறந்தபோது தண்ணீர் எந்தப் பக்கம் தள்ளுப்பட்டதோ, சிங்கில் அந்தப் பக்கமே சுழலும். வங்காள விரிகுடாப் புயல்கள் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் அகலத்தில் நாட்கணக்காகச் சுழல்பவை. அவை எப்போதும் இடஞ்சுழியாகவே வருவதற்குப் பூமிதான் காரணம். உங்கள் சிங்குக்கு அவ்வளவு அகலமும் இல்லை, நேரமும் இல்லை.