கச்சான் ஒத்துக்கொள்ளாத பிள்ளையும் கனடாப் பள்ளியும்

தங்கச்சி, மகனுக்கு நாலு வயது, கச்சானும் (நிலக்கடலை) கஜுவும் (முந்திரி) ஒத்துக்கொள்ளாது, செப்டெம்பரில் டொராண்டோ ஸ்காபரோவில் ஜேகே என்கிற இளம் பாலர் வகுப்புத் தொடங்குகிறான், பள்ளியில் சொன்னால் பிள்ளையை ஒதுக்கி வைப்பார்களோ என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே பேஸ்மென்ட் வாடகை, குளிர் உடுப்பு. வாடகையைப் பற்றிப் பேசினால் எனக்கு அழுகைதான் வரும், உடுப்பு அக்டோபரில் வாங்கலாம். அதை விடுங்கள்.

சொல்லுங்கள். பள்ளி தொடங்க முன்னரே, எழுத்தில் சொல்லுங்கள். நம் ஒன்ராறியோ மாகாணத்தில் 2006 ஜனவரியிலிருந்து சப்ரீனா சட்டம் இருக்கிறது. 2003இல் சப்ரீனா ஷானன் என்ற 13 வயதுப் பிள்ளை பள்ளிக் கன்டீனில் உருளைக்கிழங்குப் பொரியல் சாப்பிட்டு இறந்துபோனாள். அவளுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. சீஸ் பட்ட இடுக்கியால் பொரியலை எடுத்ததுதான் காரணம் என்றார்கள். ஒவ்வாமை முற்றினால் உடனே போடும் எபிபென் ஊசி அவளுடைய லாக்கருக்குள் இருந்தது. அதன் பிறகு வந்த சட்டப்படி உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் அதிபர் தனித் திட்டம் வைத்திருக்க வேண்டும், ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும், அவசரத்தில் அவர்களே எபிபென் போடலாம். ஆனால் விவரத்தைச் சரியாகக் கொடுத்துப் புதுப்பித்து வைப்பது பெற்றோரின் கடமை. நீங்கள் மறைத்தால் சட்டம் என்ன செய்யும்?

ஒவ்வாமை உள்ள என் மகள் பள்ளிக்குப் போன காலத்தில் இதெல்லாம் இல்லை. ஊசி அலுவலக அலுமாரியில் பூட்டிக் கிடக்கும், திறப்பு செயலாளரிடம், வகுப்போ மேல்மாடியில். இரவு வேலை முடித்துக் கண் எரிய எரிய அலுவலக வாங்கில் போய் உட்காருவேன். 'அவர் சாப்பிடப் போன நேரம் பிள்ளைக்கு மூச்சு முட்டினால் யார் திறப்பது?' என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் திரும்பத் திரும்பக் கேட்பேன். கடைசியில் என் முகத்தைப் பார்க்கச் சலித்துத்தான் இடுப்புப் பையில் கொண்டுவர விட்டார்கள். இப்போது வருகிறவர்களுக்கு எல்லாம் தட்டில் வைத்துக் கொடுத்தாற்போல் இருக்கிறது, அதற்கும் கூச்சப்படுகிறார்கள்!

வகுப்பு ஆசிரியருக்குச் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். மதியச் சாப்பாட்டு நேரம் பார்த்துக்கொள்வது வேறு ஆள். ஆசிரியர் லீவு என்றால் சப்ளை டீச்சர். பஸ் சாரதி, பள்ளி முடிந்த பின் பார்க்கும் டேகேர். அத்தனை பேருக்கும் பிள்ளையின் படத்துடன் தாள் போக வேண்டும். மூச்சுத் திணறினால் பெனட்ரில் என்கிற ஒவ்வாமை மருந்தைக் கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. எபிபென் தொடையின் வெளிப்பக்கம், உடுப்புக்கு மேலாலேயே, பிறகு 911. பிள்ளை தெளிந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும். குளிர்காலத்தில் ஊசியைக் காருக்குள் விட்டுவிட்டு வராதீர்கள். காலாவதித் தேதியையும் பாருங்கள். வேலையிடத்து மருந்துக் காப்புறுதி இல்லையென்றால் பிள்ளைகளுக்கான மாகாண அரசின் மருந்துத் திட்டமான ஓஹிப் பிளஸில் கிடைக்கும், டாக்டரிடம் சீட்டு வாங்குங்கள்.

உண்மையைச் சொன்னால், பள்ளியைவிட எனக்குப் பயம் நம்முடைய சனத்தில்தான். கடையில் மிக்சர் பக்கெட் வாங்கினால் மேலே ஒட்டிய ஸ்டிக்கரில் பாதியை வாசிக்க முடியாது. டேக் அவுட்டில் லட்டுக்கும் கஜு போட்ட மஸ்கெட்டுக்கும் ஒரே இடுக்கி. இந்த நாட்டில் 'கச்சான் இருக்கலாம்' என்பது போன்ற எச்சரிக்கையைப் போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை, ஆகவே பக்கெட்டில் அது இல்லை என்பதை நம்பிக் கொடுக்காதீர்கள். எள்ளும் கடுகும்கூட இங்கே முக்கிய ஒவ்வாமைப் பட்டியலில் இருக்கின்றன, தாளிதம் இல்லாத நம் வீடு எது? மகனுக்கு அவையும் ஒத்துக்கொள்ளாதா என்று நிபுணரிடம் கேட்டு வையுங்கள்.

ஒருமுறை பிறந்தநாள் வீட்டில் ஒரு மாமி சர்க்கரைப் புக்கையில் இருந்த கஜுவை அகப்பையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோப்பை ஓரத்தில் வைத்துவிட்டு, 'இப்ப குடு, ஒண்டும் செய்யாது' என்று நீட்டினார். நெய்யில் வறுத்துக் கொட்டிய கஜு, எண்ணெய் முழுவதும் புக்கைக்குள். நான் வாங்கவில்லை என்று அவருக்குக் கோபம். 'ஊரில கச்சான் சாப்பிட்டுத்தானே வளந்தனாங்கள்' என்று கேட்பார்கள், நீங்களும் கேட்கத்தான் போகிறீர்கள். பதில் சொல்லி நேரத்தை வீணாக்காதீர்கள், பிள்ளையின் சாப்பாட்டைப் பெட்டியில் கட்டிக்கொண்டு போங்கள்.

மகள் இப்போது பல்கலைக்கழகமும் முடித்துவிட்டாள். கலியாண மண்டபத்தில் சமையல்காரரிடம் நேரே போய் என்னென்ன போட்டீர்கள் என்று விசாரிப்பாள். அந்த மாமி இன்றைக்கும் 'வாய்க்காரி' என்கிறார்.