பிரஷரும் சுபாவமும்: கேள்வி பதில்

ஈரோட்டில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். ரத்தக்கொதிப்பு பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

கேள்வி: பல்லடத்தில் விசைத்தறி ஓட்டுகிறேன். பிரஷர் 150/96. மருத்துவர் எழுதிய மாத்திரை பிடிக்காமல் மூச்சுப் பயிற்சியில் இறங்கிவிட்டேன். அதே அளவுள்ள அண்ணனோ மாத்திரையைப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கிறார். யார் செய்வது சரி?

பதில்: இருவருக்கும் நோய் ஒன்றுதான், சுபாவம்தான் வேறு. நல்லது கெட்டது தன் கையில் என்பவர், விதியின் கையில் என்பவர் என்ற வேறுபாட்டை அளக்க, அமெரிக்க உளவியலாளர் ஜூலியன் ராட்டர் 1966இல் ஒரு வினாத்தாளை வெளியிட்டார். நூல் அறுந்தால் ஆளைக் கூப்பிடாமல் தானே முடிச்சுப் போடுகிறவர் நீங்கள் என்று ஊகிக்கிறேன். அப்படிப்பட்டவர்களுக்குத் தியானம், தசைத் தளர்வு, கருவியில் அளவைப் பார்த்தபடியே உடலைத் தணிக்கப் பழகும் பயோஃபீட்பேக் எல்லாம் பிடித்துப்போகும். பலனும் உண்டு. இங்கிலாந்து மருத்துவர் சந்திரா பட்டேல் 34 பேரிடம் நடத்தி, 1975இல் லான்செட் இதழில் வெளியிட்ட சோதனையில், பயிற்சி பெற்றவர்களின் சராசரி 168/100இலிருந்து 141/84க்கு இறங்கியது. பின்னால் வந்த சோதனைகளில் இவ்வளவு இறக்கம் இல்லை. ஆகவே பயிற்சியை விடாதீர்கள், மாத்திரையையும் தொடங்குங்கள். குறைக்கலாமா என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

கேள்வி: கோபியில் இருக்கும் அப்பாவுக்கு 72 வயது. பிரஷர் கருவி வாங்கிக் கொடுத்தேன், தொடவே மாட்டேன் என்கிறார். "ஆண்டவன் விட்ட வழி" என்பதுதான் பதில்.

பதில்: அம்மிணி, அந்த வயதில் சுபாவத்தைத் திருத்தப் போகாதீர்கள். கருவியை நீங்களே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரையை அவருடைய வெற்றிலைப் பெட்டிக்குப் பக்கத்தில் வையுங்கள், கை தானாகப் போகும். மகள் சொல்லிக் கேட்காதவர் மருத்துவர் சொன்னால் கேட்பார். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: திருப்பூரில் தையல் வேலை. நாளுக்குப் பத்து முறை பிரஷர் பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு எண்.

பதில்: பயத்தோடு பட்டையைச் சுற்றினால் எண் ஏறத்தான் செய்யும். காலையில் இரண்டு முறை, மாலையில் இரண்டு முறை போதும். காபி குடித்து அரை மணி நேரமாவது ஆகட்டும். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் வைத்து, பேசாமல் பாருங்கள். ஒரு வாரச் சராசரி 135/85க்குக் கீழே இருக்கிறதா என்பதுதான் கணக்கு.

கேள்வி: தினமும் தியானம் செய்கிறேன். மாங்காய் ஊறுகாய் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாமா?

பதில்: ஒரு நாள் முழுவதற்கும் உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள். குழம்பு, ரசம், மோர் எல்லாம் அதற்குள் அடக்கம். மிச்சம் இருந்தால் ஊறுகாய்.